மல்லர் பாவைகளும் அவற்றின் மறைவும்

பொருள்கள் தோன்றுதற்குக் காரணந் தேடுவார் பலர். அவை மறைதற்குக் காரணந் தேடுவார் சிலரே. புதிய பொருளொன்று சந்தைக்கு வரும்போது விளம்பரங்கள் அதனை ஊரெங்கும் முழங்குகின்றன. அது மறையும்போது முழங்குவார் எவருமிலர். கடையிலே நேற்றிருந்தது இன்றில்லை, அவ்வளவே. ஆதலால், மறைவின் காரணங்கள் பெரும்பாலும் ஊகத்துக்கே விடப்படுகின்றன. "மக்கள் விரும்பவில்லை, ஆகவே நிறுத்திவிட்டார்கள்" என்பதே எளிதிற் கூறப்படும் விடை. அவ்விடை எத்துணைப் போதாதது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விற்பனையான மற்போர்ப் பாவைகளின் வரலாறு நன்கு காட்டும். எடுத்துக்கொண்ட பொருள் சிறுவரின் விளையாட்டுப் பொருளே. ஆயினும் உரிமை, உற்பத்தி, விற்பனை, விருப்பு என்னும் நான்கும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் இயல்பை இத்துணைத் தெளிவாக விளக்கும் உதாரணங்கள் சிலவே.

பாவைகளின் வரலாறு

"மல்" என்னுஞ் சொல் வலிமையையும் "பாவை" என்னுஞ் சொல் செய்தமைத்த உருவத்தையுங் குறித்துத் தமிழில் நெடுங்காலமாக வழங்குவன. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த பொருளே ஈண்டு ஆராயப்படுவது. அமெரிக்கத் தொழில்முறை மற்போர் பண்டைய மற்போரினின்றும் வேறுபட்டது. அதில் வெற்றியுந் தோல்வியும் முன்னரே வகுக்கப்பட்டவை. மல்லர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஓர் உடை, ஒரு குணம் உண்டு. நல்லவனொருவன், தீயவனொருவன் என நாடகப் பாத்திரங்கள் போல அவர்கள் தோன்றுவர். இவ்வியல்பே அவர்களைப் பாவைகளாக வார்த்தற்கு மிகப் பொருத்தமுடையவர்களாக்கிற்று. கூட்டத்திற் கண்டவுடன் இன்னாரென அறியத்தக்க உருவம் பாவையிலும் எளிதில் அறியப்படுமன்றோ?

உலக மற்போர்ச் சம்மேளனம் தொலைக்காட்சி வாயிலாக நாடெங்கும் பரவிய காலத்தில், 1984ஆம் ஆண்டில், எல்.ஜே.என். என்னும் கம்பனி அச்சம்மேளனத்து மல்லரின் பாவைகளை வெளியிடத் தொடங்கிற்று. அவை ஏறத்தாழ 8 அங்குல உயரமுடைய திண்ணிய இறப்பர் உருவங்கள். கைகால்களை அசைத்தற்கு மூட்டுக்கள் அவற்றில் இல்லை. 1989ஆம் ஆண்டுடன் அவ்வரிசை முடிவுற்றது. 1990ஆம் ஆண்டில் ஹஸ்ப்ரோ என்னும் பெருங்கம்பனி ஏறத்தாழ 4½ அங்குல உயரமுடைய பிளாஸ்திக்குப் பாவைகளை வெளியிட்டது. உள்ளே வில் பொருத்தப்பட்ட அப்பாவைகள் அறைதல், எறிதல், அணைத்து நெரித்தல் முதலிய செயல்களைச் செய்வன. அவ்வரிசை 1994ஆம் ஆண்டில் நின்றது. பின்னர் ஜக்ஸ் பசிபிக் என்னுங் கம்பனி 1996ஆம் ஆண்டு தொடக்கம் 2009ஆம் ஆண்டின் இறுதிவரை அவ்வுரிமையைப் பெற்றிருந்தது. 2010ஆம் ஆண்டு தையிலிருந்து அது மற்றெல் கம்பனிக்குச் சென்றது. இவற்றுக்குப் புறம்பாக, போட்டிச் சங்கங்களின் மல்லரைப் பாவைகளாக்கிய கம்பனிகளும் இருந்தன. றெம்கோ, கலூப், ரோய் பிஸ் என்பன அவற்றுட் சில.

இவ்வரிசைகள் எல்லாம் ஒரே காரணத்தால் முடியவில்லை. அவற்றின் முடிவுக்கான காரணங்களை ஐந்து வகையாகப் பகுத்தாராயலாம்.

உரிமையின் எல்லை

பாவையைச் செய்பவன் வேறு. பாவைக்குரிய பெயரையும் உருவத்தையும் உடையவன் வேறு. செய்பவன் உடையவனிடமிருந்து ஒரு குறித்த காலத்துக்கு உரிமத்தைப் பெறுகின்றான். விற்கும் ஒவ்வொரு பாவையின் விலையிலும் ஒரு வீதத்தை உரிமைப்பங்காகச் செலுத்துகின்றான். இது மாத்திரமன்று, விற்பனை எவ்வளவு குறைந்தாலும் ஆகக் குறைந்தது இவ்வளவு தொகை தரப்படும் என்ற உத்தரவாதமும் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும். எனவே விற்பனை சற்றுத் தளர்ந்தவிடத்தும் பாவை செய்பவனின் சுமை தளர்வதில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்போது, கையிலுள்ள இருப்பை விற்றுத் தீர்த்தற்குச் சில மாத அவகாசம் பெறுவான். அதன்பின் அவன் செய்த அச்சுக்கள் அவனிடமே இருப்பினும் அவற்றால் ஒரு பாவையையேனும் வார்த்து விற்க அவனுக்கு உரிமையில்லை.

ஜக்ஸ் பசிபிக்கின் வரலாறு இதற்குச் சான்று. அதன் பாவைகள் விற்பனையாகாமல் நிற்கவில்லை. பழைய மல்லருக்கெனவே 2004ஆம் ஆண்டில் அது தொடங்கிய வரிசை சேகரிப்போரால் மிக விரும்பப்பட்டது. அதே ஆண்டில், டபிள்யூ.டபிள்யூ.ஈ. என 2002ஆம் ஆண்டிற் பெயர் மாறியிருந்த சம்மேளனம் உரிமம் பெறப்பட்ட முறைபற்றி ஜக்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. எனினும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 2009ஆம் ஆண்டின் இறுதி நாளோடு ஜக்ஸ் வெளியிட்டுவந்த வரிசைகள் அனைத்தும், விற்பனையில் நன்றாக நின்றவையும் உட்பட, ஒருங்கே முடிந்தன. மக்களின் விருப்பு மாறியதால் அன்று, ஒப்பந்தத்தில் எழுதிய திகதி வந்தமையால் அவை முடிந்தன.

உடையவனே மறைந்துபோதலும் உண்டு. ரோய் பிஸ் கம்பனி போட்டிச் சங்கமாகிய டபிள்யூ.சி.டபிள்யூ.வின் மல்லரைப் பாவைகளாக்கி வந்தது. 2001ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அச்சங்கத்தை உலக மற்போர்ச் சம்மேளனம் விலைக்கு வாங்கிற்று. சங்கத்தோடு அதன் பாவை வரிசையும் முடிந்தது.

கம்பனியின் போக்கு

சிலவேளை பாவையுங் குற்றமுடையதன்று, உரிமையுங் குறைவுடையதன்று, செய்யுங் கம்பனியின் கருத்தே வேறு வழியிற் செல்லும். எல்.ஜே.என். கம்பனியை எம்.சி.ஏ. என்னும் பெருநிறுவனம் 1985ஆம் ஆண்டில் வாங்கியது. 1990ஆம் ஆண்டில், ஒளித்திரை விளையாட்டுக்களில் ஈடுபட்ட அக்ளெயிம் கம்பனிக்கு அதனை விற்றது. எல்.ஜே.என். என்னும் பெயர் அதன்பின் சில ஆண்டுகள் ஒளித்திரை விளையாட்டுப் பெட்டிகளில் விளங்கிற்று, பாவைகளில் விளங்கவில்லை. 1989ஆம் ஆண்டுக்குரிய அதன் இறுதிப் பாவைகள் கனடாவிலுள்ள வேறொரு கம்பனியின் வாயிலாகவே சிறு தொகையில் வெளிவந்தன. அச்சிறு தொகை காரணமாகவே அவை இன்று அரியவையாக மதிக்கப்படுகின்றன.

பாவையும் மனிதனும்

கற்பனைப் பாத்திரத்தைப் பாவையாக்குவோனுக்கில்லாத ஓர் இடர் மல்லரைப் பாவையாக்குவோனுக்கு உண்டு. கற்பனைப் பாத்திரம் முதுமை அடைவதில்லை, சம்பளம் போதாதென விலகுவதில்லை, காலை முறித்துக்கொள்வதுமில்லை. மல்லனோ மனிதன். ஒரு பாவையை வரைந்து, உருவமைத்து, உரிமையாளரின் இசைவு பெற்று, அச்சு வெட்டி, வார்த்து, வர்ணந் தீட்டிக் கப்பலேற்றிக் கடைக்குக் கொண்டுவருதற்குப் பல மாதங்கள் செல்லும். அதற்கிடையில் அம்மனிதனின் நிலை மாறிவிடலாம்.

ஹஸ்ப்ரோவின் வரிசை இதனை முதலாண்டிலிருந்தே கண்டது. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்பன்னிரண்டு பாவைகளுள் ஒருவராகிய றிக் றூட் அவ்வாண்டிலேயே சம்மேளனத்தை விட்டு நீங்கினார். அப்பன்னிருவருள் ஒருவரான இராட்சத உருவத்தர் அந்திரே 1993ஆம் ஆண்டு தையிற் காலமானார். பேரொளியோடு விளங்கிய ஹல்க் ஹோகன் 1993ஆம் ஆண்டில் நீங்கி, அடுத்த ஆண்டிற் போட்டிச் சங்கத்திற் சேர்ந்தார். றான்டி சவேஜ் 1994ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வழியே சென்றார். 1994ஆம் ஆண்டின் இறுதித் தொகுதியிற் பாவையாக வந்த லுட்விக் போர்கா அவ்வாண்டின் தொடக்கத்திலேயே காலிற் காயமுற்று மேடையை விட்டிருந்தார். சிறுவன் கடையிற் பாவையைக் காணும்போது அம்மல்லனைத் தொலைக்காட்சியிற் காண இயலாதாயின், பாவைக்கு உயிரளித்த கதை முடிந்துவிட்டதென்பதே பொருள்.

பெயரின் உரிமைபற்றிய சிக்கலும் இதனோடு சேர்ந்தது. மல்லர் சம்மேளனத்தின் ஊழியராகவன்றிச் சுயேச்சையான ஒப்பந்தக்காரராகவே கொள்ளப்படுகின்றனர். அவர்கள் மேடையில் வழங்கும் பெயரோ பெரும்பாலுஞ் சம்மேளனத்துக்கு உரியது. "அல்ரிமேற் வாரியர்" என்னும் பெயரில் விளங்கிய மல்லர் 1993ஆம் ஆண்டிற் சட்டப்படி "வாரியர்" என்பதையே தம் பெயராக்கிக்கொண்டார்; பாத்திரத்தின் உரிமைபற்றி அவருக்கும் சம்மேளனத்துக்கும் நீதிமன்றத்தில் வழக்கு நிகழ்ந்தது. ஒருவன் தன் உடலாலும் குரலாலும் ஆக்கிய உருவம் யாருக்கு உரியது என்னும் இவ்வினா பாவையளவில் நிற்பதன்று. உழைப்பின் பயனை உழைத்தவன் எவ்வளவு பெறுகின்றான் என்னும் பெரிய வினாவின் ஒரு கிளையே அது.

மனிதனின் நடத்தையும் பாவையை வீழ்த்தும். 2007ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் கிறிஸ் பென்வா என்னும் மல்லர் தம் மனைவியையும் இளமகனையுங் கொன்று தாமும் உயிர் துறந்தார். டபிள்யூ.டபிள்யூ.ஈ. அவருடைய பெயருக்குரிய பொருள்களை விற்பனையினின்றும் நீக்கிற்று. இத்தகைய விடத்து இலாப நட்டக் கணக்குக்கு இடமில்லை.

அச்சும் அதன் செலவும்

பாவைத் தொழிலின் கணக்கு அச்சிலே தொடங்குகின்றது. உருகிய பிளாஸ்திக்கை உருக்கு அச்சினுட் பேரழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பதே வழக்கமான முறை. அவ்வச்சு மிகுந்த செலவிற் செய்யப்படுவது. பத்துப் பாவைகளை வார்த்தாலும் பத்து இலட்சம் பாவைகளை வார்த்தாலும் அச்சின் செலவு ஏறத்தாழ ஒன்றே. பொருளியலார் இதனை நிலையான செலவு என்பர். ஒரு பாவைக்குரிய அச்சுக்கள் 50,000 டொலர் பெறும் என உதாரணமாகக் கொள்க. 100,000 பாவைகள் விற்கப்படின் ஒவ்வொன்றின்மேலும் விழும் அச்சுச் செலவு 50 சதம். 10,000 பாவைகளே விற்கப்படின் அது 5 டொலர். சிறுவரின் கைச்செலவுப் பணத்துக்கு ஏற்ப விலை குறிக்கப்பட வேண்டிய பொருளில் இவ்வேறுபாடு உயிர்நிலை போன்றது.

இதனால் ஓர் உண்மை புலனாகின்றது. விற்பனை முற்றாக அற்றுப்போகும்வரை வரிசை காத்திருப்பதில்லை. விற்பனை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியவுடனேயே, பல்லாயிரவர் அதனை இன்னும் விரும்பி வாங்கிக்கொண்டிருக்கும் போதே, அது நின்றுவிடுகின்றது. பல்லாயிரவரின் விருப்பம் பொய்யன்று. அது அச்சின் செலவைத் தாங்கப் போதாது என்பதே உண்மை. இவ்விடரைக் குறைத்தற்குக் கம்பனிகள் ஓர் உடலைப் பல மல்லருக்குப் பொதுவாக்கித் தலையையும் உடையையும் மாத்திரம் மாற்றுகின்றன. அது செலவைக் குறைக்குமெனினும், "இவருடைய தோள் இவ்வளவு அகன்றதன்று" என நுணுகி நோக்குவாரின் குறையையும் ஈட்டித்தரும்.

கடையிலே நேர்வது

மேற்கூறிய காரணங்கள் ஆவணங்களிலும் தொழிற்சாலைகளிலும் நிகழ்வன. யாவருங் கண்ணாற் காணத்தக்க காரணம் கடையிலேயே உள்ளது. ஆயினும் அதனைக் கண்டுகொள்வார் அரியர்.

பாவைகளைக் கடைக்காரன் ஒவ்வொன்றாகத் தெரிந்து வாங்குவதில்லை. பல மல்லர் கலந்த பெட்டியாகவே அவை வருகின்றன. பன்னிரண்டு பாவைகள் கொண்ட பெட்டியொன்றில் யாவரும் விரும்பும் மல்லர் இருவர், ஓரளவு விரும்பப்படுவோர் அறுவர், விரும்பப்படாதோர் நால்வர் எனக் கொள்க. பெட்டி திறந்த அன்றே முதலிருவரும் விற்றுப்போவர். அறுவரும் சில கிழமைகளிற் போவர். எஞ்சிய நால்வரும் கடையின் கொளுக்கியிலே தொங்கிக்கொண்டிருப்பர். அடுத்த பெட்டியிலும் இதுவே நிகழும். சில மாதங்களிற் கொளுக்கிகள் எல்லாம் விரும்பப்படாத மல்லரால் நிறைந்துவிடும்.

இப்போது கடைக்குள் வரும் வாடிக்கையாளன் யாது காண்கின்றான்? தான் முன்னரே வாங்கிய அல்லது வாங்க விரும்பாத பாவைகளையே காண்கின்றான், வெறுங்கையோடு திரும்புகின்றான். கடைக்காரன் யாது காண்கின்றான்? நிறைந்த கொளுக்கிகளைக் காண்கின்றான். "இவ்வரிசை விற்பனையாகவில்லை" என முடிவு செய்து புதிய பெட்டிகளுக்குக் கட்டளையிடாது விடுகின்றான். புதிய தொகுதியிலுள்ள விரும்பத்தக்க பாவைகள் கடைக்கு வராமலே போகின்றன. வாடிக்கையாளன் பொருள் இல்லை என்கின்றான்; கடைக்காரன் கேள்வி இல்லை என்கின்றான். இருவருந் தாங்கண்டதையே கூறுகின்றனர். ஒரு வரிசை தன் எச்சத்தாலேயே மாள்வது இவ்வாறுதான்.

கடையின் இடமும் எல்லையுடையது. புதிய மோகமொன்று எழும்போது அதற்கிடமளித்தற்குப் பழையதொன்று இறக்கப்படும். 1993ஆம் ஆண்டில் "பவர் றேஞ்சர்ஸ்" என்னுந் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபின் அதன் பாவைகளுக்குக் கடைகளிற் பெருந்தட்டுப்பாடு நிலவிற்று. அதே காலத்தில் மற்போரின் பெயர் மங்கியிருந்தது. சம்மேளனத்தின் தலைவர் ஊக்கமருந்து விவகாரத்தில் 1994ஆம் ஆண்டு ஆடியிற் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுக் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். பெருமல்லர் பலர் நீங்கியிருந்தமை முன்னரே கூறப்பட்டது. ஹஸ்ப்ரோவின் வரிசை அவ்வாண்டில் முடிந்தமைக்கு இவற்றுள் ஒன்றைத் தனித்துக் காரணங் காட்டல் பொருந்தாது. பல சிற்றோடைகள் கூடியே அணை உடைந்தது. பச்சை அட்டையில் வெளிவந்த அதன் இறுதித் தொகுதி குறைந்த தொகையிலேயே கடைகளை அடைந்தது.

சிலவேளை கடையே மறைந்துவிடும். ரொய்ஸ் ஆர் அஸ் என்னும் மாபெரும் விளையாட்டுப்பொருட் கடைக் குழுமம் 2017ஆம் ஆண்டு புரட்டாதியில் முறிவுப் பாதுகாப்பு வேண்டி நீதிமன்றஞ் சென்று, 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள தன் கடைகளை மூடிற்று. பல்வகைப் பாவைகளையும் ஒருங்கே பரப்பிவைத்த அத்தகைய கடை இல்லாதவிடத்து, எஞ்சிய பொதுக் கடைகள் விரைந்து விற்கும் சிலவற்றையே தெரிந்தெடுத்தன. சிறிய வரிசைகளுக்கு நிற்க இடமில்லாது போயிற்று.

சேகரிப்போரின் வினா

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. நின்றுபோன வரிசைகளின் பாவைகளைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். ஹஸ்ப்ரோவின் இறுதித் தொகுதிப் பாவைகள், உறை பிரிக்கப்படாதனவாயின், அவை விற்கப்பட்ட விலையினும் பன்மடங்கு விலை பெறுகின்றன. இத்துணை விருப்பம் இருக்குமாயின் அவற்றை நிறுத்தியது பேதைமையன்றோ?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இரண்டு வேறுபாடுகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, மறுவிற்பனையிற் கொடுக்கப்படும் பணம் செய்தவனைச் சேர்வதில்லை. பழைய பாவையொன்று நூறு டொலருக்குக் கைமாறும்போது செய்த கம்பனிக்கு ஒரு சதமேனுங் கிடையாது; மல்லனுக்குங் கிடையாது. இரண்டாவது, அவ்விலை அருமையிலிருந்து பிறந்தது. நிரம்பல் குறைந்தமையாலேயே விலை உயர்ந்தது. வரிசை நிற்காது தொடர்ந்திருப்பின் அவ்விலையே இல்லை. சேகரிப்போன் நூறு டொலர் கொடுக்க விரும்பும் பொருள், பத்து இலட்சம் பேர் பத்து டொலர் கொடுக்க விரும்பும் பொருளாகிவிடாது. ஆழமான விருப்பம் வேறு. அகன்ற விருப்பம் வேறு. அச்சின் செலவு வேண்டுவது அகலத்தை.

மேலும், சேகரிப்போரை நம்பியே வரிசையை நடத்துவதிற் கேடுமுண்டு. அவர்களின் ஆர்வத்தைக் கண்ட கம்பனி ஒரே மல்லனை உடை மாற்றி, நிறம் மாற்றிப் பலமுறை வெளியிடும். முழுத்தொகுதியையும் உடையவனாக விரும்புவோன் முதலில் மகிழ்வான், பின்னர்ச் சோர்வான், ஈற்றில் முற்றாக விலகுவான். சிறுவனோ, தான் விரும்பும் மல்லன் கிடைக்காமையால் முன்னரே விலகியிருப்பான்.

இக்குறையை நீக்குதற்கு அண்மைக்காலத்திற் சில வழிகள் காணப்பட்டன. ஹஸ்ப்ரோ 2018ஆம் ஆண்டில், "ஹஸ்லப்" என்னும் பெயரில், ஒரு பெரும் விளையாட்டுப்பொருளை முதலில் அறிவித்து, 5,000 பேர் முன்னரே பணங்கட்டின் மாத்திரமே அதனைச் செய்வதென்னும் முறையைத் தொடங்கிற்று. முதலில் அறிவிக்கப்பட்ட, திரைப்படக் கதையொன்றிலிருந்து எடுத்த பெரும்படகு அவ்வெல்லையைக் கடந்து செய்யப்பட்டது. மற்றெல் கம்பனி 2017ஆம் ஆண்டில் பழைய ஹஸ்ப்ரோ பாவைகளின் அமைப்பைத் தழுவிப் புதிய மல்லர் பாவைகளை வெளியிட்டது. 1990ஆம் ஆண்டிற் பத்து வயதுச் சிறுவனாயிருந்தவன் 2017ஆம் ஆண்டில் முப்பத்தேழு வயதினன். தன் பணத்தைத் தானே செலவிட வல்லவன். வரிசை மறைந்த இடத்தில் நினைவு நின்றது. அந்நினைவே புதிய கேள்வியாகத் திரும்பிற்று.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், ஒரு பாவை வரிசையின் முடிவு அதன் தகுதியின்மைக்குச் சான்றன்று என்பது பெறப்படும். உரிமத்தின் திகதி, கம்பனியின் கைமாற்றம், மல்லனின் விலகல், அச்சின் செலவு, கடையின் எச்சம் என்னும் ஐந்தனுள் ஒன்றோ பலவோ கூடி நன்றாய் அமைந்ததொன்றையும் முடித்துவிடும். அவ்வாறே, பின்னாளிற் பெறும் பெருவிலை அதன் தகுதிக்குச் சான்றுமன்று. அது பெரும்பாலும் அருமையின் விலையே. அன்றியும், இன்று வாங்கி வைத்தால் நாளை பெருவிலை பெறும் என எண்ணிப் பலரும் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கும் பொருள் அருமையடைதல் எங்ஙனம்? ஹஸ்ப்ரோவின் பழம்பாவைகள் அரியவையானது சிறுவர் அவற்றின் உறையைக் கிழித்து, வர்ணந் தேய, வில் முறிய விளையாடியமையாலன்றோ?

விலையையும் மதிப்பையும் ஒன்றெனக் கொள்வோர் இரண்டையும் இழப்பர். பொருளியல் பயிலும் மாணவன் விலைப்பட்டியலை மாத்திரம் நோக்காது, அதன் பின்னே நிற்கும் ஒப்பந்தத்தையும், அச்சையும், கடைத்தட்டையும், மேடையிற் காயமுற்று வீழ்ந்த மனிதனையுஞ் சேர்த்து நோக்கப் பழகுவானாயின், சந்தையில் மறைந்துபோகும் ஏனைய பொருள்களின் வரலாற்றையும் அவன் ஐயமின்றி விளங்கிக்கொள்வான்.